கிடங்கை ஆண்டவருக்கு வாசல் காவல்

ராணுவத்தில் ரேஷன், எரிபொருள், உதிரிபாகம், லாரி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தவர்கள் ஊர் திரும்பும்போது அவர்களுக்குக் கிடைப்பது என்ன வேலை? கோலார் தங்கவயலிலிருந்து ஒரு பார்வை.

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் டிபன் கேரியர், தோளில் பை, கண்ணில் மிச்சத் தூக்கம். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாலையில் அதே 100 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் பெரிய முதலாளி இந்த ரயில்தான். கட்டடத் தொழிலாளி, ஜவுளிக்கடைச் சிப்பந்தி, நர்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் எல்லோரும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் சிலரை அடையாளம் காண்பது எளிது. நெருக்கத்திலும் முதுகு வளையாமல் நிற்பார்கள். மீசை ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். பையில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை, தோளில் ஏதோ ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் பெயர் பொறித்த பட்டை. ராணுவத்தில் 17, 20, 24 வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள். இவர்களில் துப்பாக்கி தூக்கிச் சண்டையிட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு வாசல் காவல் பழக்கமில்லாத வேலை அல்ல. ஆனால் ராணுவத்தில் ஒரு நாளும் காவலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் அதே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போவதுதான் விசித்திரம். ஒருவர் ஸ்டோர் கீப்பர். இன்னொருவர் பனிமலையில் லாரி ஓட்டியவர். மற்றொருவர் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கணக்கைப் பீப்பாய் பீப்பாயாகக் காத்தவர். பெங்களூரைச் சுற்றி எழும்பியிருக்கும் பிரம்மாண்டமான கிடங்குகளுக்கு உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரிந்த வேலை. அவர்களுக்குக் கிடைக்கும் இடம் அந்தக் கிடங்குகளின் வாசல்.

தங்கவயலுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. இந்த ஊரே ராணுவத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் வேறு தொழில் தேடியதால் உண்டானது. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த 33-வது ரெஜிமெண்டின் லெப்டினென்ட் ஜான் வாரன், கிராமத்து ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். பல பத்தாண்டுகள் அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு, பெங்களூர் கன்டோன்மென்டில் வந்து ஓய்வாகக் குடியேறிய மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாயின் கண்ணில் அது பட்டது. 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் புறப்பட்டார். 1873-ல் மைசூர் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். 1875-ல் 20 வருஷக் குத்தகை கிடைத்தது. கையில் பணம் போதாமல் சில வருஷத்திலேயே உரிமையை ராணுவ அதிகாரிகள் அடங்கிய ஒரு குழுவுக்குக் கைமாற்றினார். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நுழைந்த பிறகுதான் தங்கம் தங்கமாக வந்தது. லாவெலுக்குத் தங்கத்தில் என்ன மிஞ்சியதோ, பெங்களூரின் விலையுயர்ந்த தெருக்களில் ஒன்று இன்றைக்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அயர்லாந்துச் சிப்பாய்க்கு இரண்டாவது வாழ்க்கை தேடிக்கொள்ள ஒரு மாட்டுவண்டியும் ஒரு மனுவும் போதுமாக இருந்தன. அவர் திறந்துவிட்ட சுரங்கத்துக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை.

ராணுவம் என்றதும் நம் மனதில் வருவது காலாட்படையும் பீரங்கியும்தான். ஆனால் ஒரு சிப்பாய் முன்னணியில் நிற்க, அவனுக்குப் பின்னால் ஒரு நீண்ட சங்கிலி அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஆர்மி சர்வீஸ் கோர் என்ற ஏ.எஸ்.சி. தன் பிறப்பை 1760 என்று கணக்கிட்டு, ஆண்டுதோறும் டிசம்பர் 8-ஐ கொண்டாடுகிறது. அரிசி, ஆட்டா, பருப்பு, எண்ணெய், உயிரோடு அனுப்பும் ஆடு, பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், அவற்றைச் சுமக்கும் லாரி, லாரி போகாத இடத்தில் கோவேறு கழுதை எல்லாம் இதன் பொறுப்பு. துணிமணி, துப்பாக்கி, குண்டு, உதிரிபாகம் ஆகியவை ஆர்மி ஆர்ட்னன்ஸ் கோரின் கையில். ஏ.எஸ்.சி.யின் பயிற்சி மையமும் கல்லூரியும் இருப்பது பெங்களூரில். ஆர்ட்னன்ஸ் மையம் செகந்திராபாத்தில். மெட்ராஸ் எஞ்ஜினியர் குரூப்பின் தலைமையகமும் பெங்களூர் அல்சூரில்தான். தங்கவயல் பையன் ராணுவத்துக்குப் போவதென்றால் உலகத்தின் மறுகோடிக்குப் போக வேண்டியதில்லை. அதே ரயிலில் ஏறி பெங்களூரில் இறங்கினால் பாதி வேலை முடிந்தது.

இந்த வேலையின் கனம் தெரிய வேண்டுமானால் லடாக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஸோஜி லா கணவாய் பனியில் மூடிக்கொள்ளும். மணாலி வழிப் பாதையும் அப்படியே. அதற்கு முன்பு, கோடை மாதங்களிலேயே, குளிர்காலம் முழுவதற்குமான உணவு, எரிபொருள், மருந்து, உடை எல்லாம் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எந்த முகாமுக்கு எத்தனை ஆள், ஒரு ஆளுக்கு நாளைக்கு எத்தனை கிராம் பருப்பு, எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் என்று கணக்குப் போட்டு ஏற்றுவார்கள். செப்டம்பரில் ஒரு சைபர் தப்பினால் ஜனவரியில் அதைத் திருத்த லாரி கிடையாது. ஹெலிகாப்டர் சுமக்கக்கூடியது அளவோடுதான். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். டின்னின் மேல் அச்சிட்ட தேதியைத் தாண்டிய எதையும் ஆய்வு இல்லாமல் வழங்கக் கூடாது. உள்ளே வந்ததற்கு ஒரு வவுச்சர், வெளியே போனதற்கு ஒரு வவுச்சர், அடுக்கில் தொங்கும் அட்டையில் ஓர் எண், லெட்ஜரில் அதே எண். இரண்டும் பொருந்தாவிட்டால் விசாரணை வரும். இதை இருபது வருஷம் பிசகில்லாமல் செய்தவரிடம் இருப்பதைத்தான் பன்னாட்டுக் கம்பெனிகள் சப்ளை செயின் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொழுத்த சம்பளம் கொடுக்கின்றன.

லாஜிஸ்டிக்ஸ் என்ற வார்த்தையே ராணுவத்திலிருந்து வியாபாரத்துக்குப் போனதுதான். 1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையின் மொத்த சரக்கு நடமாட்டத்தையும் சவூதி அரேபியாவில் இருந்தபடி ஆட்டிவைத்தவர் லெப்டினென்ட் ஜெனரல் வில்லியம் பகோனிஸ். லட்சக்கணக்கான ஆட்களையும் அவர்களுக்கு வேண்டிய தண்ணீர், சோறு, டாங்கி, குண்டு அனைத்தையும் பாலைவனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, போர் முடிந்ததும் திருப்பி அனுப்பிவைத்தார். 1993-ல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தன் சரக்குப் போக்குவரத்துக்குத் தலைவராக்கியது. தோளில் மூன்று நட்சத்திரம் உள்ளவருக்கு எங்கேயும் நாற்காலி கிடைக்கும்தான். நம் நாட்டிலும் ஓய்வுபெறும் அதிகாரிகளுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம். போன்ற கல்வி நிலையங்களில் 24 வார நிர்வாகப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறது. கட்டணத்தில் 60 சதவீதத்தை இயக்குநரகமே தருகிறது. அங்கே படித்து, ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகளின் சரக்குப் பிரிவில் மேலாளராக உட்காருகிற மேஜர்களும் கர்னல்களும் புதிதல்ல. கேள்வி ஹவில்தாரைப் பற்றியது.

ஒரு ஹவில்தாரைக் கற்பனை செய்துகொள்வோம். ராபர்ட்சன்பேட்டைக்காரர். பத்தாவது பாஸ். 19 வயதில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து 22 வருஷம் கழித்து 41 வயதில் வீடு திரும்புகிறார். மூத்த பெண் பிளஸ் டூ, பையன் எட்டாவது. கையில் ஓய்வூதியம் உண்டு. ஆனால் பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறுகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. 41 வயது ஓய்வெடுக்கும் வயதும் அல்ல. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இப்படி முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் படையை விட்டு வெளியே வருகிறார்கள்.

அவர் கையில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. அதில் அவருடைய பிரிவும் தொழிலும் ஒரு வரி. நடத்தை 'எக்ஸெம்ப்ளரி' என்று இன்னொரு வரி. கிடங்கின் மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் 26 வயதுப் பெண்ணுக்கு அந்த முதல் வரியைப் படித்து எதுவும் விளங்கப்போவதில்லை. எத்தனை ஆயிரம் இனங்களை அவர் கணக்கில் வைத்திருந்தார், எத்தனை பேரை வேலை வாங்கினார், இருப்புச் சரிபார்ப்பில் எத்தனை முறை குறைவு இல்லாமல் தேறினார் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடையாது. அந்தப் பெண் கேட்கப்போவது வேறு: பட்டம் இருக்கிறதா? எக்ஸெல் தெரியுமா? பார்கோடு ஸ்கேனரில், கிடங்கு நிர்வாக மென்பொருளில் வேலை செய்த அனுபவம் உண்டா? ஈ-வே பில் போடத் தெரியுமா?

கடைசிக் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம். ஆனால் ராணுவப் பிரிவுகள் அனுப்புகிற அல்லது பெறுகிற சரக்குக்கு விதியிலேயே விலக்கு உண்டு. ஆகவே ஆயிரக்கணக்கான லாரிகளை ஏற்றி அனுப்பியவர், தெருமுனை மொத்த வியாபாரியின் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே ஓய்வு பெறுகிறார். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்தான். அந்த ஒரு வாரத்தை யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை.

செக்யூரிட்டி ஏஜென்சி இந்தக் கேள்விகள் எதையும் கேட்பதில்லை. தனியார் காவல் நிறுவனங்களை முறைப்படுத்தும் 2005-ம் வருஷச் சட்டமே முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. மறுவாழ்வு இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள ஏஜென்சிகள் பெரும்பாலும் முன்னாள் வீரர்களையே வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் இரண்டாவது வரி அவர்களுக்குப் போதும். திங்கட்கிழமை கேட்டால் வியாழக்கிழமை வேலை. பெரும்பாலோர் அங்கே போய்ச் சேர்வதற்குக் காரணம் வேறு எதற்கும் லாயக்கில்லை என்பதல்ல. காத்திருக்காத கதவு அது ஒன்றுதான்.

சட்டப்படி வேறு கதவுகளும் உண்டு. 1979-ம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் 10 சதவீதமும் 'டி' பிரிவில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் ஊனமுற்ற வீரர்களையும் வீரமரணம் அடைந்தோரின் குடும்பத்தாரையும் சேர்த்து 14.5, 24.5 சதவீதம். வயது வரம்பில் படையில் இருந்த காலத்தைக் கழித்து, மேலும் 3 வருஷம் சலுகை தரப்படுகிறது. 1986-லிருந்து இன்னொரு சலுகையும் இருக்கிறது: பத்தாவது தேறி 15 வருஷம் படையில் இருந்தவர், தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத 'சி' பிரிவு வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதப்படுவார். தனியார் கம்பெனி இதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பாங்க் கிளார்க் பரீட்சைக்கு உட்கார இது போதும். நம் ஹவில்தாருக்கு இந்த விதி தெரிந்திருக்குமா என்பது அவருடைய யூனிட் கிளார்க் எவ்வளவு நல்லவர் என்பதைப் பொறுத்தது.

ஏட்டில் 10-ம் 20-ம் இருந்தாலும் நிஜத்தில் கதை வேறு. மறுவாழ்வு இயக்குநரகத்துக்குத் தகவல் அனுப்பிய மத்தியத் துறைகளில், 2021 ஜூன் 30 நிலவரப்படி, 'சி' பிரிவில் முன்னாள் வீரர்கள் 1.29 சதவீதம், 'டி' பிரிவில் 2.66 சதவீதம். தகுதியானவர்கள் வரவில்லை என்பது துறைகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். விளம்பரம் எங்கே வருகிறது என்றே தெரியவில்லை என்பது இந்தப் பக்கத்துப் புலம்பல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. கிராமத்துச் சிப்பாய் 20 வருஷம் எந்தப் பரீட்சையும் எழுதாமல் இருந்துவிட்டு, கணக்கும் ஆங்கிலமும் கலந்த போட்டித் தேர்வில் அதிவேகமாக வட்டங்களை நிரப்புவது லேசுப்பட்ட காரியமல்ல.

தங்கவயல்காரருக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அது மொழி. கர்நாடக அரசு வேலைகளிலும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்குக் கன்னடத் தேர்வில் தேற வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், பள்ளியில் தமிழ் அல்லது ஆங்கிலம், அப்புறம் 22 வருஷம் ஹிந்தி. பேச்சுக் கன்னடம் தட்டுத்தடுமாறி வரும். எழுத்துக் கன்னடத்தில் பரீட்சை என்றால் பின்வாங்கிவிடுவார். சரி, ஓசூருக்கோ வேலூருக்கோ போகலாமே என்றால், தமிழக அரசு 1986-ல் ஏற்படுத்திய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ தமிழகத்தில் பதிவு செய்தவர்களுக்கானது. இந்தப் பக்கம் மொழி தடுக்கிறது, அந்தப் பக்கம் முகவரி தடுக்கிறது. மிஞ்சுவது மத்திய அரசு, ரயில்வே, வங்கி. அல்லது ஊரிலேயே இருக்கும் பி.இ.எம்.எல்.

1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல்., ராணுவத்துக்கும் சுரங்கங்களுக்கும் வேண்டிய புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்றவற்றைச் செய்யும் பாதுகாப்புத் துறை நிறுவனம். தங்கவயலில் சுரங்கத்துக்கு அடுத்தபடி நிலையான சம்பளம் கொடுத்த இடம். எல்லைச் சாலைகளில் பனி தள்ளும் புல்டோசரை ராணுவத்தில் ஓட்டியவர் அதைச் செய்த ஊரிலேயே வேலை கேட்கிறார் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஊரின் ஏக்கம் முழுவதையும் ஒரே தொழிற்சாலை தாங்காது.

ஊர்க்காரர்களுக்கு இந்த நிலைமை அந்நியமானதும் அல்ல. 2001-ல் சுரங்கம் மூடியபோது இதையே பெரிய அளவில் பார்த்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குக் கூண்டை இறக்கி ஏற்றிய வைண்டிங் எஞ்ஜின் டிரைவரிடம் சுரங்கச் சட்டப்படி பெற்ற சான்றிதழ் இருந்தது. அதைக் காட்டி வேலை கேட்க, சுற்றுவட்டாரத்தில் இன்னொரு சுரங்கம் இல்லை. ராணுவ ஸ்டோர் கீப்பரின் நிலை தலைகீழ். பங்காருப்பேட்டையைத் தாண்டி மாலூர், ஹொசகோட்டை, நரசாபுரம் என்று திரும்பிய பக்கமெல்லாம் கிடங்கும் தொழிற்சாலையும். நரசாபுரத்தில் ஹோண்டா இருசக்கர வண்டி, விஸ்ட்ரான் தொடங்கி 2023-ல் டாடா கைக்கு வந்த ஐபோன் தொழிற்சாலை. ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை புதிய சென்னை விரைவுச்சாலை தங்கவயலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. கிடங்குக்குப் பஞ்சமே இல்லை. சான்றிதழ்தான் இல்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்ப ஏற்பாடுகள் இல்லாமலில்லை. ராணுவத் தொழில்களுக்கு இணையான வெளி வேலைகளின் பட்டியல் பல காலமாக இருக்கிறது. ஓய்வுக்கு முன்பு ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்கும் இலவசமாகவே பயிற்சி வகுப்புகள் உண்டு. முன்பே கற்ற திறமையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் திட்டம் மத்திய அரசின் திறன் மேம்பாட்டு முயற்சியில் இருக்கிறது. கிடங்கு, போக்குவரத்து வேலைகளுக்கான தரத்தை வகுக்கும் லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் சென்னையிலிருந்து இயங்குகிறது. டிரைவர்களுக்கு நிலைமை இன்னும் கொஞ்சம் மேல். ராணுவ லைசென்ஸ் வைத்திருப்பவர் என்று சொல்லியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சக்திமானிலிருந்து ஸ்டாலியன் வரை ஓட்டியவருக்கு டேங்கரோ டிரெய்லரோ பயம் தராது. எரிபொருள் பிரிவில் இருந்தவர்கள் எண்ணெய் கம்பெனிகளின் பங்க் ஒதுக்கீட்டைப் பற்றி விசாரிப்பதும் உண்டு.

பயிற்சி வகுப்பை எந்த நேரத்தில், எதற்காகத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கோளாறு. ஓய்வுக்கு முந்தைய மாதங்களை வீடு கட்டவும் பெண்ணுக்கு வரன் பார்க்கவும் ஒதுக்குகிறவர்களே அதிகம். ஊருக்கு அருகில் எந்த வகுப்பு நடக்கிறதோ அதில் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஏ.எஸ்.சி.காரர் செக்யூரிட்டி சூபர்வைசர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். தன் தொழிலை விட்டு வேறு தொழிலுக்கு அரசாங்கச் செலவில் மாறுகிறார் என்பது அவருக்கே உறைக்காது.

உள்ளே நுழைந்துவிட்டவர்களுக்கும் முதல் ஆறு மாதம் சிரமம்தான். ராணுவக் கிடங்கின் தர்மம் வேறு, வியாபாரக் கிடங்கின் தர்மம் வேறு. ஸோஜி லா மூடிக்கொள்ளும் என்று பயந்து வாழ்ந்தவருக்கு நிறைந்த அடுக்கைப் பார்த்தால்தான் மனம் ஆறும். நூற்றுக்குப் பத்து கூடுதலாக வைத்திருப்பது அங்கே புத்திசாலித்தனம். வியாபாரத்தில் அதே பத்து, முடங்கிப்போன முதல். அடுக்கு காலியாக இருக்க வேண்டும், சரக்கு காலையில் வந்து மாலையில் போய்விட வேண்டும் என்பார் மேலாளர். அங்கே ஒரு போல்ட் குறைந்தாலும் விசாரணை. இங்கே இத்தனை சதவீதம் சேதம் சகஜம் என்று பட்ஜெட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்து ஒரு பழைய ஸ்டோர் கீப்பருக்கு ரத்தம் கொதிக்காமல் இருக்காது. போதாக்குறைக்கு, தன் மகன் வயதில் ஒரு பையன் மேலதிகாரி. அவன் சொல்லும் உத்தரவை எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்று அந்தப் பையனே எதிர்பார்ப்பான். உத்தரவு என்றால் 'சரி சார்' என்று பழகிய நாக்குக்கு அது எளிதில் வராது.

அவருக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. கன்னடப் பரீட்சையில் அவரைக் கைவிட்ட அந்த ஹிந்தி, கிடங்கில் கைகொடுக்கிறது. பெங்களூரின் சுமை ஏற்றும் இடங்களில் வேலை செய்பவர்களில் ஒடிசா, பிஹார், அசாம் பையன்கள் ஏராளம். அவர்களோடு பேசத் தெரிந்து, லாரி டிரைவரோடு தமிழிலும் தெலுங்கிலும் பேரம் பேசி, ஷிப்ட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து நிற்கிற சூபர்வைசர் எந்தக் கம்பெனிக்கும் லாபம்தான். இதைக் கண்டுகொண்ட சில முன்னாள் வீரர்கள் காவல் சட்டையோடு உள்ளே போய், ஆறு மாதத்தில் கணக்கு மேஜைக்கு மாறிக்கொள்வது உண்டு. வாசலில் நின்றுகொண்டே உள்ளே எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எதில் சீல் உடைந்திருந்தது என்று பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவைத்தால் அது யார் கண்ணிலாவது படத்தான் செய்யும். சுற்றுவழி. ஆனால் வழி.

இந்தப் பிரச்சினைக்கு ஓய்வூதியம் ஒரு மெத்தையாக இருந்துவந்தது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டம் அந்த மெத்தையை உருவிவிட்டது. நான்கு வருஷப் பணி. முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் படையில் நீடிப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்று ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. ஆகவே 1979-ம் வருஷத்து ஒதுக்கீடும் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கென்று தனியாக மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு 2022-லேயே அறிவிக்கப்பட்டது. இந்தத் திட்டத்திலும் கிளார்க் - ஸ்டோர் கீப்பர் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் நான்கு வருஷம் இருந்தவருக்கு 20 வருஷக்காரரின் அனுபவம் வந்திருக்காது. ஆனால் அவருக்கு வயது 22, 23. கம்ப்யூட்டர் பயமில்லை. மேலதிகாரி தன் வயதுக்காரர் என்ற உறுத்தல் இல்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு ஒன்றில், படையில் பெற்ற பயிற்சிக்குப் பாதி மதிப்பெண் அலகுகள் தருவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. பட்டம் எங்கே என்று கேட்கும் மனிதவளப் பிரிவுக்கு அதைக் காட்டலாம்.

முதல் அணியினர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தது 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும். நான்கு வருஷம் என்றால் 2026 இறுதி, 2027 தொடக்கம். மாலூரிலும் ஹொசகோட்டையிலும் வேலை கேட்டு நிற்கும் வரிசையில், 41 வயது ஹவில்தாருக்குப் பின்னால் அவர் மகனைவிடக் கொஞ்சமே மூத்த பையன் நிற்பான். இருவருக்கும் லெட்ஜர் தெரியும். ஒருவருக்கு எக்ஸெல்லும் தெரியும்.

மாரிக்குப்பத்தில் கிளம்பிய ரயில் மாலூரைத் தாண்டி ஒயிட்ஃபீல்டை நெருங்கும்போது கன்டெய்னர்கள் அடுக்கடுக்காகத் தெரியத் தொடங்கும். கன்டெய்னர் கார்ப்பரேஷனின் உள்நாட்டுச் சரக்கு முனையம் அங்கே இருக்கிறது. கன்டெய்னரை உலகத்துக்குப் பழக்கிய மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளிக்கு முதல் பெரிய வாடிக்கைகளில் ஒன்று ராணுவம்தான். வியட்நாம் போரில் குவிந்து தேங்கிய சரக்கை அவருடைய பெட்டிகள்தான் கரை சேர்த்தன. தங்கவயல் ரயிலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஏ.எஸ்.சி.காரருக்கு அந்தச் சரித்திரம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பெட்டி ஒன்று கோணலாக ஏற்றப்பட்டிருந்தால் அது அவர் கண்ணுக்குத் தப்பாது. அடுத்த நிலையம் வருவதற்குள் பையைத் திறந்து நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.